அடி விழட்டும், கணக்கைக் காட்டுங்கள்: டாக்டிகல் ஆர்பிஜி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டம் கட்டமாக ஆள் நகர்த்தும் ஃபேண்டசி ஆட்டங்களை வடிவமைக்கும், ரீமேக் செய்யும், பேட்ச் போடும் குழுக்களுக்கு,

வணக்கம்.

ஆட்டம் கஷ்டமாக இருக்கிறது, கொஞ்சம் எளிதாக்குங்கள் என்று கேட்பதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. தோற்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஐந்து பேரோடு இறங்கி இரண்டு பேரோடு திரும்புவதும் பழகிவிட்டது. எதனால் தோற்றோம் என்பதை ஆட்டம் சொல்ல மறுக்கும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. கஷ்டம் வேறு, எரிச்சல் வேறு. புகார் வந்தால் உங்களில் பலர் கஷ்டத்தைக் குறைத்துவிட்டு எரிச்சலை அப்படியே வைத்துவிடுகிறீர்கள். எங்கள் சண்டை அதோடுதான்.

பேசுவதற்கு ஒரு மாதிரி வேண்டும். 1997இல் பிளேஸ்டேஷனுக்கு ஸ்கொயர் வெளியிட்ட, யாசுமி மாட்சுனோ இயக்கிய ஃபைனல் ஃபேண்டசி டாக்டிக்ஸை எடுத்துக்கொள்கிறோம். 2007இல் பிஎஸ்பிக்கு வந்தது, 2025இல் மறுபடியும் புதுப்பித்து வந்தது. இந்த வகை ஆட்டத்தின் உச்சமும் அசட்டுத்தனமும் ஒரே வட்டுக்குள் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருப்பது வேறெங்கும் இல்லை. கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த முதல் பதிப்பின் எண்கள்.

முதலில் அதன் கடிகாரத்தைப் பார்ப்போம். நல்லது எது என்று தெரியாமல் கெட்டதைத் திருத்தப் போனால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் சிடி என்று ஒரு எண் உண்டு. கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும், அதாவது டிக்கிலும், அவரவர் வேகம் அதில் கூடும். 100ஐத் தொட்டால் அவர் ஆடும் முறை வரும். வேகம் 10 இருந்தால் 10 டிக். வேகம் 8 என்றால் 13 டிக். முறை வந்ததும் நகரவும் செய்து, அடிக்கவும் செய்தால் 100 கழியும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80. ஒன்றுமே செய்யாமல் முறையை முடித்தால் 60தான் கழியும். மிச்சம் 40 கையிருப்பு. ஆக, வேகம் 8 உள்ள மேஜ், அதாவது மந்திரவாதி, ஒரு முறை சும்மா நின்றால் அடுத்த முறை ஏழெட்டு டிக்கிலேயே வந்துவிடும். சும்மா நிற்பதற்குக்கூட ஒரு விலை மதிப்பு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கே தெரிகிறது கைவேலை.

மந்திரமும் இதே கடிகாரத்தில்தான் ஓடுகிறது. 'ஃபயர் 3' என்ற நெருப்பு மந்திரம் ஒரு டிக்குக்கு 15 வீதம் ஏறும், 100ஐத் தாண்ட 7 டிக் ஆகும். எதிரே வேகம் 9 உள்ள ஒரு வில்லாளி நிற்கிறான், அவன் சிடி இப்போது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது டிக்கில் அவன் 103க்கு வருவான். உங்கள் மந்திரமும் ஏழாவது டிக்கில்தான் வெடிக்கும். யார் முந்துவது? ஒரே டிக்கில் மந்திரங்கள் முதலில், ஆட்களின் முறை பிறகு என்பது விதி. அவன் கால் எடுத்து வைக்கும் முன் எரிந்துவிடுவான். அவன் சிடி 50ஆக இருந்திருந்தால் ஆறாவது டிக்கிலேயே 104ஐத் தொட்டுக் கிளம்பியிருப்பான். அப்போது நீங்கள் எதைக் குறி வைத்தீர்கள் என்பது முக்கியமாகிறது. கட்டத்தைக் குறி வைத்திருந்தால் காலித் தரையில் நெருப்பு. ஆளைக் குறி வைத்திருந்தால் நெருப்பு அவன் பின்னாலேயே போகும். அவன் புத்திசாலி என்றால் நேராக, காயம் ஆற்றும் உங்கள் ஹீலர் பக்கத்தில் வந்து நின்றுகொள்வான். வெடிக்கும்போது இருவரும் சேர்ந்து எரிய வேண்டியதுதான்.

இதே விதி எதிரிக்கும் பொருந்தும் என்பதுதான் அழகு. எதிரி மேஜ் உங்கள் வீரனைக் குறி வைத்து மந்திரம் ஓதத் தொடங்கிவிட்டானா? தப்பித்து ஓட வேண்டாம். அந்த வீரனைக் கொண்டுபோய் எதிரிக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். அவர்கள் மந்திரம் அவர்கள் தலையிலேயே விழும். இந்த ஒரு நகர்த்தலுக்காகவே இன்னும் இதை விளையாடுகிறவர்கள் உண்டு. 2025 பதிப்பு முறை வரிசையைத் திரையிலேயே கண்ணெதிரே வைத்துவிட்டது, கைதட்டுகிறோம். விதியில் கை வைக்காமல் விதியைப் பார்க்கவிட்டார்கள். நாங்கள் கேட்பதும் மொத்தமாக இவ்வளவுதான்.

அடுத்து ஃபெயித், மந்திரத்தின்மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கையின் எண். கொடுப்பவரின் ஃபெயித்தையும் வாங்குபவரின் ஃபெயித்தையும் பெருக்கி 10000ஆல் வகுத்து, அந்த விகிதத்தில்தான் மந்திரம் வேலை செய்யும். இருவருக்கும் 70 என்றால் 49 சதவீதம். வாங்குபவருக்கு 40தான் என்றால் 28. எதிரியின் மின்னல் உறைக்காமல் இருக்க ஒரு வீரனின் ஃபெயித்தைக் குறைத்து வைத்தீர்கள் என்றால், உங்கள் ஹீலரின் க்யூர் மந்திரமும் அவனுக்குப் பாதிதான் ஏறும். அவன் விழுந்தால் எழுப்பும் ரெய்ஸ் மந்திரமும் அடிக்கடி தவறும். விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் என்ற பொருள் மட்டும் ஃபெயித்தைக் கேட்பதில்லை. அதனால் அப்படிப்பட்ட ஆள் இருக்கும் பார்ட்டியில், இப்படிப்பட்ட பொருள்களைக் கையாளும் கெமிஸ்ட் ஒருவர் இல்லாமல் இறங்கக் கூடாது. ஒரே எண், கேடயமும் அதுதான், விலங்கும் அதுதான். இப்படி இரண்டு பக்கமும் வெட்டும் எண்களை இன்னும் செய்யுங்கள். '+5% நெருப்பு எதிர்ப்பு' என்று நாற்பது மோதிரங்களை அள்ளிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

திசையும் அப்படித்தான். முன்னால் இருந்து அடித்தால் ஒருவரின் வேலைக்கான (மேஜ், கெமிஸ்ட் போன்ற தொழிலுக்கான) தவிர்ப்பு, கேடயம், மேலங்கி எல்லாம் கணக்கில் வரும். பக்கவாட்டில் வேலைக்கான தவிர்ப்பு கழன்றுவிடும். முதுகில் அடித்தால் மேலங்கி மட்டும். 10, 25, 20 என்று மூன்றும் இருக்கும் ஒருவனை எடுத்துக்கொண்டால் அடி விழும் வாய்ப்பு முன்னால் 54 சதவீதம், பக்கத்தில் 60, பின்னால் 80. முறை முடியும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று ஆட்டம் கேட்கும்; புதியவர்கள் பட்டனைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பாதிப் பேர் முதல் பத்து மணி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டே விளையாடியிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம்.

விழுந்தவர் தலைமேல் 3, 2, 1 என்று எண் இறங்குவது, பூஜ்யம் ஆனபின் படிகமாகவோ பெட்டியாகவோ மாறுவது, அந்தப் படிகத்தை எடுத்தால் உயிரை நிரப்பிக்கொள்ளலாம் அல்லது செத்தவரின் திறமையைக் கற்றுக்கொள்ளலாம் என்பது, இதெல்லாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபது வேலைகள், ஒவ்வொருவருக்கும் சொந்த வேலையின் திறமை போக இரண்டாவது கட்டளை, எதிர்வினை, துணைத் திறமை, நகர்வுத் திறமை என்று மாற்றிச் செருகும் இடங்கள். நேரம் போவதே தெரியாது.

இனி எரிச்சல்.

லெவல் ஏறும் அந்த நொடியில் ஒருவர் எந்த வேலையில் இருக்கிறாரோ, அந்த வேலையின் வளர்ச்சி எண்ணை வைத்துத்தான் அவருடைய உயிர், வேகம், மந்திர பலம் எல்லாம் நிரந்தரமாகக் கூடும். நிஞ்சாவாக இருந்து லெவல் ஏறியவருக்கு வேகம் கூடுதலாக வளரும். இந்த எண் ஆட்டத்தின் எந்தத் திரையிலும் கிடையாது. முப்பது மணி நேரம் கழித்து ஒரு ஆள் ஏன் மந்தமாக இருக்கிறார் என்று தலையைச் சொறிந்தால் பதில் எங்கும் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? லெவலைக் குறைக்கும் பொறியைத் தேடிப்போய், வளர்ச்சி மோசமான ஒரு வேலையில் நின்று லெவலை இறக்கி, வளர்ச்சி நல்ல வேலையில் திரும்ப ஏற்றுவார்கள். இறங்கும்போது போவது கொஞ்சம், ஏறும்போது வருவது அதிகம். திரும்பத் திரும்பச் செய்தால் மிருகம் மாதிரி ஒரு ஆள் தயார். புத்திசாலித்தனம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதைச் செய்பவர் சண்டை போடவில்லை, பேரேட்டில் ஓட்டை போடுகிறார். வேலை மாற்றும் திரையில் ஐந்து எண்களைப் போட்டால் தீர்ந்தது. அல்லது வளர்ச்சியை வேலையோடு கட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒளித்துவைப்பதால் யாருக்கு லாபம் என்று இன்றுவரை புரியவில்லை.

ராசியும் ஒரு தலைவலி. பன்னிரண்டு ராசி, பொருத்தம் நன்றாக இருந்தால் 25 சதவீதம் கூடும், சரியில்லை என்றால் 25 சதவீதம் குறையும். எதிர் ராசியாக இருந்தால் ஆண் பெண் பார்த்து 50 சதவீதம்வரை ஏறும் இறங்கும். அடிக்கும் முன் காட்டும் எண்ணில் இதெல்லாம் சேர்ந்தே வருகிறது, அதை மறுக்கவில்லை. 96 அடித்த அதே வாள் பக்கத்தில் நிற்பவனுக்கு 72 காட்டும், இன்னொருவனுக்கு 120 காட்டும். ஏன் என்று மட்டும் சொல்லாது. எண்ணுக்குக் கீழே 'ராசி: −25%' என்று ஒரு வரி இருந்திருந்தால், யாரை யார் மேல் அனுப்புவது என்ற இன்னொரு அடுக்கு ஆட்டத்துக்குக் கிடைத்திருக்கும். இப்போது பெரும்பாலானோருக்கு அது வெறும் சத்தம்.

சதவீதம் என்ற பேச்சு வந்ததால் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உங்கள் எல்லாருடைய பக்கமும் திரும்புகிறோம். திரையில் காட்டும் சதவீதம் உண்மையா? 2002இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ஃபயர் எம்ப்ளம் தொடங்கி அந்த வரிசையில் பல ஆட்டங்கள் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை உருட்டிச் சராசரி எடுக்கின்றன. திரையில் 80 என்றால் உண்மையில் 92.2. 90 என்றால் 98.1. கீழேயும் இதே கதை: 30 என்று காட்டினால் 18.3தான். மனித மூளை 90ஐப் பார்த்தால் 'நிச்சயம்' என்று படிக்கிறது, ஆகவே நிச்சயமாக்கிவிட்டார்கள். நோக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் விளையாட இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். எதிரிக்கு 30 என்று காட்டும் தவிர்ப்பாளன் திரை சொல்வதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பத்திரமானவன். கவசம் போட்ட ஆளை அவனோடு ஒப்பிட்டு யாரை முன்னால் நிறுத்துவது என்று யோசிப்பவர் தப்பான எண்ணை வைத்து யோசிக்கிறார். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 தொடர்ச்சியான அதிர்ஷ்டக்கேட்டைத் தடுக்கும் 'கார்மிக் டைஸ்' என்ற அமைப்பைத் தொடக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறது, அணைக்கவும் விட்டிருக்கிறது. பெயர் வைத்து, மெனுவில் வைத்து, அணைக்கவிட்டால் அது மோசடி ஆகாது. அதே ஆட்டத்தின் சண்டைப் பதிவில் ஒரு வரியின்மேல் சுட்டியை வைத்தால் இருபது முகக் காயில் எது விழுந்தது, எதெது கூடியது என்று பிரித்துக் காட்டும். 65 சதவீத அடி, அட்வாண்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை) கிடைத்தால் 87.75 ஆவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர், அப்புறம் வெறுமனே அடிக்கமாட்டார். முதலில் எதிரியைக் கீழே தள்ளுவார், மறைந்துகொள்வார். கணக்கைக் காட்டினால் ஆட்டம் எளிதாகாது, ஆடுபவருக்குத்தான் கை பழகும்.

'அத்தனையையும் காட்டினால் திரை நிரம்பிவிடும்' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்று ஒரு இலவச ஆட்டம், 2003இலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து செய்துகொண்டிருப்பது. தாக்கும் முன் வரும் பெட்டியில் எத்தனை அடி, ஒவ்வொன்றும் எவ்வளவு, விழும் வாய்ப்பு எவ்வளவு என்று இருக்கும். இன்னொரு பட்டனைத் தட்டினால் சண்டை முடிவில் யாருக்கு எவ்வளவு உயிர் மிஞ்ச எத்தனை சதவீத வாய்ப்பு என்று பட்டியலே விரியும். வேண்டாதவர்கள் தட்டவேண்டியதில்லை. காட்டில் நிற்கும் எல்ஃபை அடிப்பது கடினம், மந்திரத் தாக்குதல் என்றால் எந்தத் தரையிலும் 70 சதவீதம், 'லாஃபுல்' (ஒழுங்குப் பக்கம்) படைகள் பகலில் 25 சதவீதம் கூடுதலாக அடிக்கும், 'கேயாட்டிக்' (குழப்பப் பக்கம்) படைகள் இரவில். எல்லாம் வெளிப்படை. அப்படியிருந்தும் அந்த ஆட்டத்தில் அடி வாங்குவதற்குக் குறைவில்லை. சம்பளம் இல்லாதவர்கள் செய்ததை நீங்கள் செய்யமுடியாது என்றால் நம்புவது கஷ்டம்.

இப்போது மறுபடியும் டாக்டிக்ஸுக்கு: அதில் வரும் ரியோவேன்ஸ் கோட்டை. தெரிந்தவர்கள் பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விடுவார்கள்.

மூன்று சண்டை அடுத்தடுத்து. நடுநடுவே சேவ் செய்கிறீர்களா என்று ஆட்டமே கேட்கும். சேவ் செய்தால் வெளியே வரமுடியாது. கடை இல்லை, பயிற்சிச் சண்டை இல்லை. இரண்டாவது சண்டையில் நாயகன் ராம்சா மட்டும் தனியாக வீக்ராஃபோடு மோதவேண்டும். அவனுடைய வாள் வித்தை தூரத்திலிருந்தே விழும், தவறாது. அவனைத் தாண்டினால் அதே மூச்சில் அரக்கனாக மாறுவான். ராம்சாவை மெல்லிய மேஜாக வளர்த்து, ஒரே இடத்தில் சேவ் செய்து வந்தவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்தது. முப்பது மணி நேரம் குப்பைக்கு. சேவ் செய்யச் சொன்னது யார்? ஆட்டம்.

(இப்போது அங்கே நெருங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு: கோட்டைக்குள் நுழையும் முன் வேறு இடத்தில் தனியாக ஒரு சேவ் வையுங்கள். கெமிஸ்டிடமிருந்து ஆட்டோ போஷனைக் கற்று ராம்சாவுக்குப் போடுங்கள். அந்தத் திறமை இருப்பதிலேயே மலிவான மருந்தைத்தான் முதலில் குடிக்கும், ஆகவே சாதாரண போஷன், ஹை போஷன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எக்ஸ் போஷன் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் சண்டை போடாதீர்கள், ஓடுங்கள். ஓடிக்கொண்டே யெல் என்ற திறமையைப் போட்டு வேகத்தை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அவனுக்கு ஒரு முறை வருவதற்குள் உங்களுக்கு இரண்டு மூன்று முறை வரத் தொடங்கியதும் அக்யூமுலேட் போட்டுத் தாக்குபலத்தைக் கூட்டி, திரும்பி நின்று அடியுங்கள்.)

இந்த வழி இருப்பதே அந்த ஆட்டத்தின் விதிகளுக்குப் பெருமை. பூட்டிய அறைக்குள் சேவ் கேட்டது அவமானம். தொடர் சண்டை வைக்க வேண்டாம் என்று சொல்லமாட்டோம். மூச்சு வாங்க விடாமல் துரத்துவது நல்ல நாடகம். சங்கிலிக்குள் போடும் சேவ் ஃபைலை வேறு இடத்தில் எழுதுங்கள், சங்கிலிக்கு முந்தையதை அழிக்காதீர்கள். ஒரு நாள் வேலை.

மூன்றாவது சண்டை இன்னும் மோசம். கூரைமேல் ரஃபா என்ற பெண்ணைக் காப்பாற்றவேண்டும். எதிரே எல்ம்டோரும் அவனுடைய இரண்டு கொலையாளிகளும், மூவரும் மின்னல் வேகம். ரஃபா உங்கள் பேச்சைக் கேட்கமாட்டாள், ஏஐ ஓட்டுகிறது. அவள் நேராக அவர்களை நோக்கிப் போவாள். சில தடவை உங்களுக்கு முதல் முறை வருவதற்குள்ளேயே அவள் செத்து, ஆட்டம் முடிந்த திரை வந்துவிடும். நீங்கள் எடுத்த முடிவுகளின் எண்ணிக்கை: பூஜ்யம். எதிரிகளில் ஒருவரின் உயிரை ஆபத்துக் கட்டத்துக்கு இறக்கிவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்பதால், வேகமான இரண்டு பேரை வைத்து ஒரே கொலையாளிமேல் பாய்வதுதான் வழி. அந்த வழியும் ரஃபா முதல் சுற்றைத் தாண்டினால்தான். காப்பாற்றவேண்டிய ஆளை ஏஐயிடம் கொடுப்பதாக இருந்தால் அந்த ஏஐக்கு முதலில் உயிர்ப்பயம் சொல்லிக்கொடுங்கள். முடியவில்லையா, எங்களிடம் கொடுங்கள், நாங்கள் ஓட்டுகிறோம்.

அதே குடும்பத்துக் குறை ஒன்று: வந்த முறையிலேயே நகர்ந்து அடிக்கும் துணைப்படை. ஃபயர் எம்ப்ளம் வரிசையின் சில ஆட்டங்களில் பின்னால் இருக்கும் கோட்டையிலிருந்து குதிரைவீரர்கள் முளைத்து அதே மூச்சில் ஹீலரைக் குத்திவிட்டுப் போவார்கள். அடுத்த தடவை லோடு செய்து அந்த வாசலில் ஒரு ஆளை நிறுத்தி அடைத்துவிடுவோம். முதல் தடவை செத்துத்தான் இரண்டாவது தடவை தெரியவேண்டும் என்றால் அதற்கு உத்தி என்று பெயரில்லை, மனப்பாடம். ஒரு முறை முன்னால் வாசலில் தூசு கிளம்பட்டும். போதும்.

ஜேபி, அதாவது திறமைகளை வாங்கும் வேலைப் புள்ளிகளை, அரைத்துச் சேர்ப்பதைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். டாக்டிக்ஸில் ஒரு செயல் வெற்றி பெற்றால் 8, அதோடு வேலை லெவலின் இரண்டு மடங்கு, அதோடு லெவலில் கால் பங்கு என்று ஜேபி சேரும். லெவல் 8, வேலை லெவல் 1 என்றால் ஒரு செயலுக்கு 12. நல்ல திறமைகள் நூற்றுக்கணக்கில் விலை. ஆகவே எல்லாரும் கண்டுபிடித்த வழி: ஒரு எதிரியைத் தவளையாக்கி மூலையில் விட்டுவிட்டு, ஐந்து பேரும் அக்யூமுலேட் போட்டுக்கொண்டே, ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்துகொண்டே ஐம்பது அறுபது முறை ஓட்டுவது. அரசைக் கவிழ்க்கும் சதியை முறியடிக்க வந்த வீரர்கள், ஒரு தவளைக்கு முன்னால். வடிவமைப்பு சொல்வது ஒன்று, செய்யவைப்பது வேறு. ஜேபியை ஒன்றரை மடங்காக்கும் துணைத் திறமை ஒன்று தொடக்கத்திலேயே 200 ஜேபிக்குக் கிடைக்கிறது. எல்லாரும் முதலில் அதைத்தான் வாங்குவார்கள், ஒரே ஒரு துணைத் திறமை இடத்தை அது மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். எல்லாரும் எடுத்தே தீரவேண்டிய ஒன்றைத் தேர்வு என்று கடைவிரிக்காதீர்கள், இயல்பாகவே கொடுத்துவிடுங்கள். செயலுக்கு ஜேபி கொடுப்பதற்குப் பதில் சண்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தவளை பிழைக்கும். போதாக்குறைக்கு வழிச் சண்டைகளில் எதிரிகள் உங்கள் லெவலுக்கு ஏற்பத் தாங்களும் ஏறுவார்கள். ஜேபி இல்லாமல் லெவல் மட்டும் ஏற்றியவர் தன் குழியைத் தானே தோண்டியவர். ஆட்டம் இதையும் சொல்லாது.

பலம் மிதமிஞ்சிப் போவது பற்றி உங்களோடு ஒத்துப்போகாத ஒரு கருத்து எங்களுக்கு உண்டு. கால்குலேட்டர் என்ற வேலை லெவல், அனுபவம், உயரம், சிடி இவற்றில் ஒன்றை எடுத்து, 3, 4, 5ஆல் வகுபடும் அல்லது பகா எண்ணாக இருக்கும் எல்லார்மேலும் மந்திரம் போடும். மந்திர சக்தி (எம்பி) செலவில்லை, காத்திருப்பில்லை, களம் முழுக்கப் பாயும். ஆட்டத்தையே உடைக்கிறது என்று குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. குறைக்காதீர்கள். அந்த வேலையைத் திறக்க மேஜ் வேலைகளில் ஏறி வரவேண்டும், அதன் வேகம் நத்தை, தன் ஆட்கள்மேலும் விழாமல் இருக்க எண்களைப் பார்த்து உடை மாற்றவேண்டும். உழைத்துச் சம்பாதித்த பலம். ஒர்லாண்டு என்ற வாள்வீரரின் கதை வேறு. நான்காம் அத்தியாயத்தில் வந்து சேர்கிறார், எல்லா வாள் வித்தையும் கையில், நல்ல வாளும் இடுப்பில். அதுவரை நீங்கள் செதுக்கிச் செதுக்கி வளர்த்த மூன்று பேர் அன்றே வேலை இழக்கிறார்கள். எங்கள் கோபம் பலத்தின் அளவைப் பற்றி இல்லை. ஆடுபவர் கட்டியதை அது செல்லாக்காசாக்கியது பற்றி. பிரேவ் என்ற துணிச்சல் எண்ணை 97 வைத்துக்கொண்டு, ஆயுத அடியைத் தடுக்கும் பிளேடு கிராஸ்ப் போட்ட ஆளை ஆயுதத்தால் தொட 100க்கு 3தான் வாய்ப்பு என்பதும் சம்பாதித்ததுதான்: ஒவ்வொரு சண்டையிலும் ஏற்றும் பிரேவில் நான்கில் ஒன்றுதான் நிரந்தரமாகத் தங்கும், பொறுமையாகச் சேர்க்கவேண்டும். இதே கணக்கில் ஃபெயித்தை 94க்குமேல் ஏற்றிவிட்டால், ராம்சா தவிர யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேராசைக்கு அபராதம். அருமை.

மற்றவை சுருக்கமாக. டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2இல் உடல் கவசம், மந்திரக் கவசம் என்று இரண்டு தனித்தனிச் சுவர், சம்பந்தப்பட்ட சுவர் விழும்வரை மயக்கமோ உறையவைப்பதோ ஏறாது. இரண்டு வாள்வீரர், இரண்டு மேஜ் என்று அழகாகக் கலந்த பார்ட்டி ஒரே எதிரியின் இரண்டு சுவரையும் பாதிப் பாதி இடித்துவிட்டு நிற்கும். நான்கு பேரும் ஒரே வகை அடி என்றால் சட்டென்று முடியும். கலவைக்குத் தண்டனை கொடுக்கும் விதி, தரைமேல் எண்ணெய் ஊற்றித் தீ வைக்கும் அவ்வளவு நல்ல ஆட்டத்தில் இருப்பது வருத்தம். பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரில் தொடக்கத்திலேயே ஆயுத அடி பதியாத சிலந்திக் கூட்டம், தீக்குப்பி, அமிலக்குப்பி, பரவலாக விழும் மந்திரம் என்று எதையாவது போட்டால்தான் சாகும், அதை அறியாமல் வாளை வீசிக்கொண்டே போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். 'ஆயுதம் பயன்படாது' என்று சண்டைப் பதிவில் ஓடும் வரி, அடிக்கும் முன் காட்டும் பெட்டியில் இருக்கவேண்டியது. அந்த வரிசை ஆட்டங்களில் பெரிய சண்டைக்கு முன் ஒரு டஜன் பஃப் (பலம் கூட்டும்) மந்திரங்களை ஒவ்வொன்றாகப் போடும் சடங்குக்கு, ஒரே சொடுக்கில் எல்லாம் போடும் 'மாட்' (ஆட்டத்தோடு ஒட்டும் நிரல்) ஒன்றை ஆடுபவர்களே எழுதிவிட்டார்கள். ஆடுபவர்கள் எழுதும் 'மாட்'களின் பட்டியல்தான் உங்கள் வேலைப் பட்டியல், வேறு ஆய்வு தேவையில்லை.

கடின நிலை என்ற பெயரில் எதிரியின் உயிரை மட்டும் இரட்டிப்பாக்காதீர்கள். மூன்று அடியில் சாகிறவன் ஆறு அடியில் சாவான், யோசனை அதேதான், நேரம்தான் இரட்டிப்பு. இன்னொரு மந்திரவாதியை வையுங்கள், உயரத்தில் ஒரு வில்லாளியை ஏற்றுங்கள், அவர்களுக்கும் ஃபீனிக்ஸ் டவுன் கொடுங்கள்.

நகர்ந்தபின் செயலுக்கு முன் திரும்பப் பெறும் வசதி வேண்டும். 1997 பதிப்பில் ஒரு கட்டம் தவறித் தட்டினால் தட்டியதுதான். எதிரிகள் எல்லாரும் அடுத்த முறையில் எட்டக்கூடிய கட்டங்களை ஒரே பட்டனில் சிவப்பாகக் காட்டுங்கள். மந்திர அசைவுகளை வேகமாக்க விடுங்கள். பிஎஸ்பி பதிப்பில் மந்திரம் வெடிக்கும்போதெல்லாம் ஆட்டமே நொண்டியது. வெற்றி நிபந்தனையை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள்: டாக்டிக்ஸின் முதல் ஆங்கிலப் பதிப்பில் ராம்சாவின் மூத்த அண்ணன் டைஸ்டார்க் எதிரே நிற்க, 'டைஸ்டார்க்கின் அண்ணனைத் தோற்கடி' என்று எழுதியிருந்தது. அவனுக்கு அண்ணன் கிடையாது.

காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. டாக்டிக்ஸ் ஓகரின் 2010 பிஎஸ்பி பதிப்பு ஐம்பது முறைவரை பின்னால் போகவிட்டது. லோடு செய்யும் அலுப்பு போனது உண்மை. ஆனால் எண்ணிக்கையே இல்லாமல் கொடுத்தால் ஒவ்வொரு அடியும் ஒத்திகையாகிவிடுகிறது, தலைமேல் இறங்கும் அந்த 3, 2, 1க்கு அர்த்தமில்லாமல் போகிறது. ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ் சண்டைக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வைத்தது எங்களில் பெரும்பாலானோருக்குப் பிடித்திருக்கிறது. வரம்பு வையுங்கள், அதை ஆடுபவரே மாற்றிக்கொள்ள விடுங்கள்.

வெளியிடும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஆட்டத்தை அறியாத ஒருவரை உட்காரவைத்து ஒரு நடுக்கட்டச் சண்டையைக் கொடுங்கள். தோற்கட்டும். தோற்ற திரை வந்ததும் ஒரே கேள்வி: எந்த முறையில் தோற்றீர்கள்? 'மந்திரவாதியை அந்த மேட்டில் விட்டபோதே போச்சு' என்று விரலை வைத்துக் காட்டினால் அந்தச் சண்டையை அப்படியே வெளியிடுங்கள், எவ்வளவு கடினமாக இருந்தாலும் சரி. தோளைக் குலுக்கினால் எதிரியின் உயிரைக் குறைக்க ஓடாதீர்கள். அவர் எந்த எண்ணைப் பார்க்கவில்லை என்று திரையைத் தேடுங்கள்.

இப்படிக்கு,
தோற்ற சண்டையை மறுபடி லோடு செய்துகொண்டிருக்கும்
உங்கள் ஆட்டக்காரர்கள்